காலந் தாழ்த்துதல் சோம்பலாமோ?

செய்யத்தக்க வினையைச் செய்யாது, நாளை நாளை என்று நீட்டிப்பவனை உலகம் சோம்பேறி என்றே அழைக்கின்றது. பெற்றோர் அவ்வாறே கூறுவர். ஆசிரியர் அவ்வாறே எழுதுவர். நீட்டிப்பவனும் ஈற்றில் அப்பெயரைத் தானே சூடிக்கொள்வான். இப்பெயர் அவனுக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். பொருந்தாது என்பது எமது துணிபு. நோய் இன்னதென்று பிழைபட உணர்ந்தவன் கொடுக்கும் மருந்தும் பிழைபடும் ஆகலின், இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று.

திருவள்ளுவர் மடியின்மை என்னும் அதிகாரத்தில், கெடுவாரிடத்துக் காணப்படும் இயல்புகள் நான்கினை எண்ணுமிடத்து, நெடுநீரையும் மடியையும் தனித்தனியே வைத்து எண்ணினார். நெடுநீராவது விரைந்து முடிக்கவேண்டியதை நீளவிடும் இயல்பு; மடியாவது சோம்பல். இரண்டும் ஒன்றே என்பது அவர் கருத்தாயின் தொகை மூன்றாகிவிடும். நாமோ இத்தனை நூற்றாண்டுகட்குப் பின்னும் இரண்டையும் ஒரே மூட்டையிற் கட்டி வைத்திருக்கின்றோம்.

தோட்டத்து அலுவலகத்தில் இருப்பவர்க்கு இவ்வேறுபாடு கண்கூடு. எந்தத் தோட்டத்திலும் காணக்கூடிய இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்க. விடியுமுன்னரே பெரட்டுக் களத்தில் நிற்பார். ஆட்பதிவு, செக்ரோல், குலைக் கணக்கு, லாரிச் சீட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும் வேலையெல்லாம் முகஞ் சுளியாது செய்வார். சம்பள வாரத்தில் இரவு பத்து மணி வரையில் விளக்கெரியும். இவருக்குக் கணக்கியல் தேர்வொன்றில் தேறி நகரத்தில் நல்ல தொழில் பெறவேண்டும் என்பது ஐந்தாண்டு எண்ணம். நூல்கள் வாங்கியாயிற்று, அட்டையும் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நூலைத் திறந்தவுடனே மோட்டார் சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் இடவேண்டும் என்பது நினைவிற்கு வரும். எண்ணெய் இட்டு முடித்தால் வீட்டின் பின்புறத்துச் சாக்கடை கண்ணில் உறுத்தும். அண்டை வீட்டுத் திருமணத்திற்குப் பந்தல் கட்ட முதல் ஆளாய்ச் செல்வார். இவரைச் சோம்பேறி என்று கூறத் துணிவார் யார்? சாக்கடை தோண்டும் சோம்பேறியை யாம் கண்டதில்லை.

தேர்வுக்குப் பெயர் பதியும் இறுதி நாள் கடந்துவிட்ட மறுநாள் இவர் முகத்தைப் பார்த்தல் வேண்டும். வருத்தம் இருக்கும், ஐயமில்லை. ஆயினும் அவ்வருத்தத்தினூடே ஒரு நிம்மதியும் மெல்லத் தலைகாட்டும். அந் நிம்மதியே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள். எதினின்று தப்பினார் இவர்?

பண்டைக் கிரேக்கர் இவ்வினாவைத் தொட்டிருக்கின்றனர். நல்லது இன்னதென்று மெய்யாகவே அறிந்தவன் தீயதைத் தெரிந்து செய்யான். செய்தானாயின் அவன் அறியாதவனே என்று சாக்ரடீஸ் வாதித்ததாகப் பிளேட்டோ தம் புரோட்டாகோரஸ் என்னும் நூலில் எழுதியுள்ளார். அரிஸ்டாட்டில் தம் அறநூலின் ஏழாம் பகுதியில் இதனை மறுத்து, அறிந்தும் தவறுவார் உளர் என்பது எவரும் காணும் உண்மையன்றோ என்று கேட்டு, இன்பத்தின் இழுப்பே அதற்குப் பெருங்காரணம் என்றார். இருவரும் பேரறிஞர், எனினும் நம் இளைஞர் விஷயத்தில் இரண்டும் முழுதும் பொருந்தவில்லை. தேர்வு நல்லது என்பதை அவர் அறிவார். சாக்கடை நாற்றம் இன்பமும் அன்று. அவர் இன்பத்தை நாடி ஓடவில்லை. ஒரு துன்பத்தினின்று விலகி ஓடுகின்றார். கைக்குக் கிடைத்த எந்த வேலையும் அவ்வோட்டத்திற்குப் போதுமானதாகின்றது. 2013-ஆம் ஆண்டில் சிரோய், பிச்சில் என்னும் உளநூலார் இருவர் எழுதியதும் ஏறக்குறைய இதுவே. காலந் தாழ்த்துவோன் காலத்தை ஆளத் தெரியாதவன் அல்லன். வினையை எண்ணும்போது எழும் மனக்கசப்பை ஆளத் தெரியாதவன் என்பது அவர்தம் கொள்கை.

அக்கசப்பு யாது? 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்டு ஜோன்ஸ் என்பார் செய்த சோதனை இதற்கு ஒளி தருகின்றது. மாணவர் சிலர்க்கு விடை காணக்கூடிய கணக்குகளையும், வேறு சிலர்க்குப் பெரும்பாலும் விடையே இல்லாத கணக்குகளையும் கொடுத்தனர். இரு சாராரையும், மிகச் சிறப்பாகச் செய்தீர்கள் என்று புகழ்ந்தனர். பின்னர் இரண்டாந் தேர்வுக்கு முன் இரண்டு மருந்துகளைக் காட்டி, ஒன்று அறிவைக் கூர்மையாக்கும், மற்றொன்று மழுங்கச் செய்யும், வேண்டியதை எடுத்துக்கொள்க என்றனர். விடையில்லாக் கணக்கிற்குப் புகழ் பெற்ற ஆடவரே மழுக்கும் மருந்தை மிகுதியாக நாடினர்! பெண்களிடத்து இப்போக்கு அவ்வாறு புலப்படவில்லை என்பதையும் கூறிவிடுதல் நேர்மை.

புகழப்பட்டவன் தன்னைக் கெடுக்கும் மருந்தை ஏன் நாடவேண்டும்? தனக்குப் புகழ் வந்த வழி அவனுக்கே தெரியாது. இரண்டாம் முறையும் அது வருமா என்று அஞ்சுகின்றான். மருந்தை உண்டு தோற்றால் பழி மருந்தின்மேல் விழும். தன் அறிவின்மேல் விழாது. மருந்தையும் மீறி வென்றாலோ, புகழ் இரட்டிப்பாகும். கிராணித் தொழில் செய்யும் எமக்கு இதனைப் பேரேட்டு வழக்கிற் சொல்லவே தோன்றுகின்றது. தோல்வியைச் செலவிற் பதியாமல் வைத்துக்கொள்வதற்கு, வெற்றியையே ஈடாகக் கொடுக்கின்றான் அவன்.

மருந்து வேண்டுவதில்லை, காலமே அப்பணியைச் செய்யும். முழு மூச்சோடு ஆறு திங்கள் படித்துத் தேர்வில் தோற்றவனுக்கு, தன் அளவு இவ்வளவே என்ற செய்தி கிடைத்துவிடுகின்றது. இரண்டு நாள் படித்துத் தோற்றவனுக்கு அச்செய்தி கிடைப்பதில்லை. படித்திருந்தால் தேறியிருப்பேன் என்று ஆயுள் முழுதும் சொல்லிக்கொள்ளலாம். எழுதாதவனுக்கோ தோல்வியே இல்லை. தோட்டப்புறங்களில் இந்நோய் ஒரு தனி வகையாகப் பரவுகின்றது. இருபது பிள்ளைகள் உள்ள பள்ளியில் முதலாவதாக வந்த சிறுவனை, இவன் பெரிய ஆளாய் வருவான் என்று லயம் முழுதும் கூறிக் கூறி வளர்க்கின்றோம். அன்பினால் கூறுகின்றோம், அதில் குறையில்லை. ஆனால், எவ்வாறு உழைத்தாய், எங்கே இடறினாய், இடறியதை எவ்வாறு திருத்தினாய் என்று கேட்பார் இலர். நகரத்திற்குச் சென்று ஆயிரவரில் ஒருவனாய் நிற்கும் நாளில், அப்புகழ் அவனுக்குச் சுமையாகின்றது. அதனைச் சோதனைக்கு உட்படுத்தாமல் காப்பதே அவன் தொழிலாகி விடுகின்றது. புகழைக் காப்பாற்றுகின்றான், எவன் பொருட்டு அப்புகழ் உண்டாயிற்றோ அவனைக் கைவிடுகின்றான்.

இவ்வச்சத்திற்கு நம்மவர் பஞ்சாங்கத்தையும் துணைக்கு அழைப்பர். ஆடியில் தொடங்கலாகாது, அட்டமியில் ஆகாது, இராகுகாலம் கழியட்டும், சனி பெயரட்டும்! கடையில் விற்கும் எந்தப் பொருளுக்கும் இத்துணை வகைச் சாக்கு இல்லை. ஆங்கிலம் கற்றோர் இதனை நகைப்பர். நகைத்துவிட்டு, வருகின்ற திங்கட்கிழமை முதல், சனவரி முதல் தேதியிலிருந்து, அப்புதிய கைப்பேசி கைக்கு வந்தபின் என்று தங்கள் பஞ்சாங்கத்தை விரிப்பர். மூடநம்பிக்கை என்பது ஏட்டில் இல்லை. தொடங்கும் பொறுப்பைத் தன்னினின்று கழற்றி ஒரு நாளின் தலையில் ஏற்றிவிடும் மனத்தில் இருக்கின்றது.

ஈண்டு ஒரு தடை எழும். காத்திருப்பதெல்லாம் குற்றமா? பக்குவம் என்று ஒன்று இல்லையா? தடை வலிமையுடையதே. சார்லஸ் டார்வின் என்னும் அறிஞர் உயிரினங்கள் மாறிவரும் முறையைப் பற்றிய தம் கொள்கையை 1842-ல் சுருக்கமாகவும், 1844-ல் விரிவாகவும் எழுதினார். தாம் இறக்க நேரின் அதனை வெளியிடுக என்று மனைவிக்கு ஒரு கடிதமும் எழுதி, 400 பவுன் அதற்கெனக் குறித்தார். வெளியிடவில்லை. 1846 தொடங்கி எட்டாண்டுகள் பாறையில் ஒட்டிவாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிர்களை அறுத்து ஆய்ந்துகொண்டிருந்தார்.

இதற்கிடையில் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் இளைஞர் 1854-ல் சிங்கப்பூரில் வந்திறங்கினார். இளமையிலேயே பள்ளியை விட்டவர், செல்வரல்லர், பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து விற்று வாழ்ந்தவர். புக்கிட் தீமாக் காடுகளில் வண்டு பிடித்தார். மலாக்கா சென்று லேடாங் மலை ஏறினார். 1855-ல் சரவாக்கில் இருந்துகொண்டே ஓர் அரிய கட்டுரை எழுதினார். 1858-ன் தொடக்கத்தில் மொலுக்காத் தீவுகளில் குளிர்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தபொழுது அவருக்கும் டார்வினின் கொள்கையே தோன்றியது. காய்ச்சல் தணிந்த பின்னர், அடுத்த தபாலுக்கு அனுப்பும் பொருட்டு இரண்டு மாலைப்பொழுதில் அதனை எழுதி முடித்தார், டார்வினுக்கே அனுப்பினார்! சூன் திங்களில் அது கிடைத்தது. சூலை முதல் நாள் இருவர் எழுத்தும் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பட்டன. மறு ஆண்டு நவம்பரில் டார்வினின் நூல் வெளிவந்தது.

இருபதாண்டு அஞ்சி ஒளித்தார் டார்வின் என்று பலர் எழுதிவந்தனர். 2007-ல் ஜான் வான் வைஹே என்னும் வரலாற்றாசிரியர் இதனை மறுத்தார். அச்சமும் இல்லை, ஒளித்தலும் இல்லை. கையிலிருந்த பிற நூல்களை முடித்துவிட்டு முறைப்படி இதற்கு வந்தார் என்பது அவர் வாதம். எமக்கு இதுவே ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. ஏனெனில் எட்டாண்டு கொட்டலசு ஆராய்ச்சி அவர் கொள்கைக்கு உரமாயிற்று. நம் இளைஞரின் மோட்டார் சைக்கிள் சங்கிலி அவர் கணக்கியலுக்கு என்ன உரமாயிற்று? காத்திருந்த காலம் வினைக்கு ஏதேனும் கூட்டியதா என்று கேட்டால், பக்குவமும் பயமும் தாமே பிரிந்து நிற்கும்.

ஆனால் கேட்பவனும் விடை சொல்பவனும் ஒருவனே ஆகையால், ஏமாற்றமும் எளிது. இதற்குச் செம்பனைக் காட்டில் ஒரு வழி உண்டு. குலை பழுத்ததா என்பதை வெட்டுகிறவர் தம் மனநிலையைக் கேட்டுத் தீர்மானிப்பதில்லை; மரத்தடியில் உதிரிப்பழம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். விழுமுன் வெட்டினால் எண்ணெய் குறையும். மிகவும் பழுக்கவிட்டாலும், வெட்டிய குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்கு ஏற்றாவிட்டாலும் அமிலம் மிகும். அடையாளம் முன்னரே குறிக்கப்பட்டிருக்கின்றது. அது கண்ணுக்கும் தெரிகின்றது. தேர்வுக்குச் செல்பவனும், எத்தனை பாடம் முடித்தால் பெயர் பதிவேன் என்று தொடக்கத்திலேயே தாளில் எழுதி மற்றொருவர் கையில் கொடுத்துவிடுதல் நன்று. தயாராகிவிட்டேன் என்ற உணர்ச்சி வரும் என்று காத்திருப்பவனுக்கு அது வருவதில்லை.

வாலஸுக்குத் தபாற்கப்பல் இருந்தது. நமக்கு நாமே கப்பல் விடவேண்டும். 2002-ல் ஏரியலி, வெர்ட்டன்பிராக் என்பார் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூன்று கட்டுரை எழுதவேண்டிய மாணவர்க்குக் கெடுநாளைத் தாமே குறித்துக்கொள்ளும் உரிமை தரப்பட்டது. மூன்றையும் பருவத்தின் கடைசி நாளில் கொடுப்பதாகக் குறித்தாலும் தடையில்லை. ஆயினும் பெரும்பாலோர் முன்னதான நாட்களையே தம்மேல் விதித்துக்கொண்டனர். தம் மனத்தைத் தாம் அறிந்திருந்தனர் போலும். எனினும் ஆசிரியரே சம இடைவெளியில் நாள் குறித்த வகுப்பினர் இவர்களினும் மேலான மதிப்பெண் பெற்றனர்.

இதைக் கண்டு, அடிமைத்தனமே நன்று என்று முடிவு கட்டலாமோ? எம் பாட்டன்மார்க்கு மணியடித்தவன் துரை. அம்மணிக்கு எழுந்து பால்மரக் காட்டிற்கு ஓடினார்கள். ஒரு நாளும் தாழ்த்தவில்லை. அவ்வொழுங்கைப் புகழ எமக்கு நா எழவில்லை. அதனால் விளைந்த பொருள் அவர்க்குரியதாக இல்லை. அம்மணியோசையில் வளர்ந்த குடியினர்க்கு, ஏவுவோர் இல்லாத வேளையில் கை நகர மறுப்பதில் வியப்பென்ன? தனக்கெனத் தானே மணியடித்துக்கொள்வது, பிறன் அடித்த மணிக்கு ஓடியதினும் கடினம். தான் குறித்த நாளுக்குத் தன்னைக் கட்டுவிப்பவன் உரிமையை இழக்கவில்லை என்றே கருதுகின்றோம். கட்டுபவனும் அவனே, பயன்கொள்பவனும் அவனே.

வசை பயன் தருவதில்லை என்பதையும் கூறவேண்டும். கனடாவில் 2010-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், முதல் தேர்வுக்குப் படிக்காது காலங் கழித்ததற்குத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்ட மாணவர், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே காலந் தாழ்த்தினர் என்று கண்டனர். வினையின்மேல் ஏற்கெனவே கசப்பு இருக்கின்றது. வசை அதன்மேல் இன்னும் ஒரு பிடி வேம்பைக் கலக்கின்றது. சோம்பேறி என்று மகனைத் திட்டும் தந்தையர் இதனைச் சற்றே எண்ணுவாராக.

மேலும், தனி மனிதர் தலையில் ஏற்றத்தகாத தாமதங்களும் உண்டு. 1957-ல் இந்நாடு விடுதலை பெற்றபின், தோட்டத் தமிழர் பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காது இருந்துவிட்டனர். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பின், குடிமகனல்லாதார் வேலை செய்ய உரிமச்சீட்டு வேண்டும் என்றாயிற்று; பல்லாயிரவர் கப்பலேறினர். அவர்கள் அசட்டையால் கெட்டார்கள் என்று மேடையிற் பேசுவோர் இன்றும் உளர். படிவத்தைப் படிக்கத் தெரியாதவனும், அலுவலகம் சென்றால் ஒரு நாட்கூலியை இழப்பவனும், அதிகாரியின் முன் வாய் திறக்க அஞ்சியவனும் எவ்வகையில் அசட்டை செய்தார்கள்? அவர்களுக்கு வேண்டியிருந்தது அறிவுரை அன்று. பக்கத்தில் உட்கார ஓர் ஆள்.

இப்போதும் அத்தகையவர் வருகின்றனர். ஓய்வு பெறும் நாளில் தோட்டத்து வீட்டைக் காலி செய்யவேண்டும் என்பது எல்லார்க்கும் தெரியும். ஓய்வுக்கு மூன்றாண்டே இருக்கும் பெரியவர் ஒருவர், மலிவு விலை வீட்டுக்கான விண்ணப்பத்தை ஈராண்டாகச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். மடிப்பில் தாள் கிழிந்துபோயிருந்தது. ஏன் ஐயா எழுதவில்லை என்று கேட்டதற்கு, எழுதிக் கொடுத்து இல்லையென்று சொல்லிவிட்டால் அப்புறம் நினைத்துக்கொள்வதற்கும் ஒன்றும் இராதே தம்பி என்றார். புதுப் படிவம் ஒன்று எடுத்து, முதற் கட்டத்தில் அவர் பெயரை எழுதியபின் எஞ்சியவை முடிய இருபது நிமிடம் ஆயிற்று. அடையாள அட்டையின் நகல் மட்டும் மறுநாள் கொண்டுவருவதாகச் சொன்னார், கொண்டுவந்தார். விடை இன்னும் வரவில்லை.