ஓசி டிக்கெட்



ஆடிக் கிருத்திகை அன்னைக்கு விரதத்தோட பர்கூர்ல கிருஷ்ணகிரி டவுன் பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைச்சுது. அடுத்த ஸ்டாப்புல செம கூட்டம். இடுப்புல குழந்தையோட ஒரு அக்கா என் பக்கத்துல வந்து நின்னாங்க. (நம்ம ஊர்ல தள்ளுவண்டி ஏது, இடுப்புதானே!) நான் கண்ணை மூடிக்கிட்டேன். பசி, களைப்பு. அதோட உள்ளுக்குள்ள ஒரு கணக்கு: நான் காசு கொடுத்திருக்கேன், அவங்களுக்கு ஓசிதானே?

கணக்கே தப்பு. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம். அந்தக் காசை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குத் தருது. அது அந்த அக்காவும் கட்டுற வரிப்பணம்தான். சரி, யாருமே கட்டலைன்னு வைங்க. டிக்கெட் பயணத்துக்கு. கைக்குழந்தையோட ஒருத்தர் நிக்கறப்ப கால் நீட்டி உட்காரவுமா?

அதைவிட உறுத்தினது வேற. கிருத்திகை விரதமே, சரவணப் பொய்கையில ஆறு குழந்தையா இருந்த முருகனைத் தூக்கி வளர்த்த கார்த்திகைப் பெண்களைப் பெருமைப்படுத்தத்தான். அந்த விரதத்தையே சாக்கா வச்சு, தூங்குற மாதிரி நடிச்சுக்கிட்டிருக்கேன்!

எழுந்தேன். அக்கா உட்கார்ந்ததும், "பையைக் குடு தம்பி"ன்னு என் பூஜைப் பையை வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க.