ஆளில்லா நிலையமும் அகத்தின் காவலும்

ஜப்பானின் காமகுரா நகரின் மேற்கோரத்தில் உள்ள மீன்பிடித் துறை கொஷிகோயே. எனோதென் என்ற 10 கி.மீ. மின்ரயில் பாதையில் உள்ள இவ்வூர் நிலையத்துக்கு ஊழியர் கிடையாது. நடைமேடை குட்டையானது, நான்கு பெட்டி ரயில் வந்தால் ஒரு பெட்டியின் கதவுகள் திறப்பதில்லை. இறங்குபவர் பயண அட்டையைக் கருவியில் தாமே தொட்டுவிட்டுப் போகிறார். தொடாமல் போனாலும் மறிக்க ஆளில்லை. பார்ப்பார் இல்லாத இடத்தில் மனிதனை நேர்மையாக நடக்க வைப்பது எது?

இதே ஊரில்தான் 1185இல் ஒருவன் தன் நேர்மையை மெய்ப்பிக்க முடியாமல் தவித்தான். தைரா குலத்தைத் தன்னோ-உரா கடற்போரில் வென்று திரும்பிய மினமோதோ யோஷித்சுனேயை, காமகுராவை ஆண்ட அண்ணன் யோரிதோமோ சந்தேகப்பட்டு நகருக்குள் விடவில்லை. கொஷிகோயேயில் காத்திருந்த தம்பி, தெய்வங்களின் பெயரால் ஆணையிட்டுத் தன் விசுவாசத்தைக் கடிதமாக எழுதினான். பயனில்லை. 1189இல் அவன் இறந்தபின் தலை மட்டும் இங்கே கொண்டுவரப்பட்டு அடையாளம் பார்க்கப்பட்டது. அவன் தங்கியதாகச் சொல்லப்படும் மன்புகுஜி கோயிலின் படிக்கட்டை ஒட்டியே இன்று ரயில் ஓடுகிறது. சந்தேகப்படுவதென்று முடிவு செய்துவிட்டவனிடம் எந்த ஆணையும் எடுபடாது. ஆளில்லா நிலையமோ ஆணை எதையும் கேட்பதில்லை, முதலிலேயே நம்பிவிடுகிறது.

அந்த நம்பிக்கையைக் காப்பது எது என்பதற்கு ஜப்பானிய மரபில் இரண்டு விடைகள் உண்டு. 'ஒதெந்தோ-சாமா', அதாவது சூரியன், பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது. அழகான நினைப்புதான், ஆனால் காவலாளி வானத்துக்கு இடம் மாறியிருக்கிறார், அவ்வளவே. மற்றது 'ஷின்தோகு': தனித்திருக்கையில் தன்னைக் காத்தல். சீனக் கன்பூசிய மரபிலிருந்து வந்த இக்கருத்தை எதோ காலத்து (1603–1868) அறிஞர்கள் வற்புறுத்தினார்கள். இதில் பார்வையாளர் தேவையில்லை. எவரும் அறியாமல் செய்த செயலையும் செய்தவன் அறிவான். எண்ணம் பிறக்கும் கணத்திலேயே அதைச் சீர்செய்ய வேண்டும். இதுவே ஆழமான விடை, ஏனெனில் இங்கே நேர்மை அச்சத்திலிருந்து பிறப்பதில்லை.

நிலையங்களிலிருந்து ஊழியர்களை விலக்கியது தத்துவம் அன்று. செலவும் ஆள் பற்றாக்குறையும்தான். ஜப்பானின் ரயில் நிலையங்களில் ஏறத்தாழப் பாதி இன்று இப்படித்தான் இயங்குகின்றன. விலகிப்போன ஊழியர் சீட்டை மட்டும் பார்த்தவர் அல்லர். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பலகை போட்டவரும், பார்வையற்றவருக்குக் கை கொடுத்தவரும் அவரே. தன்னைக் காக்கும் ஒழுக்கம் அந்தக் கைக்கு ஈடாகாது. அந்த வேலையில் ஒரு பங்கு இப்போது உடன் இறங்கும் பயணிகளின் கையில் இருக்கிறது.