பெற்ற பொருளுக்குப் பணம் தருவதே முதல் விதி

2025 ஜூன் மாதம் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சம் ரூபாயிலிருந்து 2 லட்சமாயிற்று. கொள்முதல் குழு வழியாக வாங்கும் உச்சவரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாயிற்று. 200 கோடி ரூபாய் வரையிலான உலகளாவிய டெண்டருக்குத் துணைவேந்தரும் இயக்குநருமே ஒப்புதல் தரலாம் என்றானது. ஆய்வாளர்கள் வரவேற்றார்கள், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வாங்கும் வேகத்தைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள், வாங்கியதற்குப் பணம் கொடுக்கும் வேகத்தைப் பற்றி அதே அக்கறையோடு பேசவில்லை. அதுவே மனத்தை உறுத்துகிறது.

பல்கலைக்கழகத்தின் நிதி விதி ஒரு பக்கம் நிற்கிறது: பொருள் வந்து, சரிபார்க்கப்பட்டு, ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிய பிறகே பணம். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 172ஆம் விதி முன்பணத்தை விதிவிலக்காகவே அனுமதிக்கிறது. தனியார் நிறுவனத்துக்குச் சாதாரணமாக 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மறுபக்கம் சப்ளையரின் நிபந்தனை: முழுப் பணமும் வந்தால்தான் சரக்கு கிளம்பும். இரண்டுக்கும் நடுவில் ஆய்வு மாணவருக்கு வேண்டிய ரசாயனமும் பழுதான கருவியின் உதிரிபாகமும் சிக்கிக்கொள்கின்றன. குற்றம் யாருடையது என்று கேட்டால் அலுவலகம் விற்பவரையே கைகாட்டும். ஆனால் பல சப்ளையர்களை முன்பணம் கேட்கவைத்தது, முன்பு கொடுத்த சரக்குக்குக் காலத்தில் பணம் வராத அனுபவமே. பெற்றுக்கொண்ட பொருளுக்கான பணத்தை நடைமுறையின் பெயரால் நிறுத்திவைப்பது அறமன்று. இங்கே முதலில் திருந்த வேண்டியவர் வாங்குபவரே.

சட்டமும் இதையே சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. புகார் சொல்ல 2017இல் ‘சமாதான்’ இணையதளமும் வந்தது. ஆனால் அடுத்த ஆர்டரையும் அதே அலுவலகத்திடம்தான் எதிர்பார்க்க வேண்டும் என்னும்போது, அந்த நிறுவனத்தின்மேல் புகார் எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்? மேலும், உற்பத்தி செய்யாமல் வாங்கி விற்கும் கடைக்காரருக்கு இந்த 45 நாள் பாதுகாப்புக் கிடையாது. சட்டத்தின் கை எட்டாத இடத்தில் மனச்சான்றின் கை எட்ட வேண்டும்.

ஹரியானாவின் அம்பாலாவில் ஆய்வகக் கருவிகள் செய்யும் சிறு பட்டறைகளை எண்ணிப் பாருங்கள். பில் போட்டுவிட்டால் அதற்குரிய ஜி.எஸ்.டி.யை பொதுவாக மறுமாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியது விற்றவரின் பொறுப்பு. வாங்கியவர் பணம் கொடுத்தாரா என்று வரித்துறை கேட்பதில்லை. அரசுப் பல்கலைக்கழகம் இன்னும் தராத பணத்துக்கு, பட்டறைக்காரர் தன் கைக்காசிலிருந்து அரசுக்கு வரி கட்டுகிறார். வாரக்கூலி நிற்காது, வங்கிக் கடனின் வட்டி நிற்காது. பைல் மட்டும் நின்றுவிடுகிறது.

நம் முன்னோர் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பிறர் பொருளையும் தம்முடையதுபோல் பேணுவதே வணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்கிறார் வள்ளுவர். வாங்குவோரும் வணிகம் செய்பவரே. அறம் விற்பவருக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைக்காமலும் வாழ்ந்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. இறைமாட்சியில் வள்ளுவர் அரசனுக்குப் பொருளை ஈட்டுவதையும் காப்பதையும் சொன்னதோடு நிற்கவில்லை. காத்ததை வகுத்துக் கொடுப்பதையும் சேர்த்தார். நம் நிதிப் பிரிவுகள் காப்பதைக் கற்றுக்கொண்டன. வகுத்துக் கொடுப்பதை மறந்துவிட்டன.

பெரிய நிறுவனங்களுக்குப் பணம் தருவதில் இந்தத் தயக்கம் இல்லை என்பதுதான் வேதனை. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 30 பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் வாங்கப்படுகின்றன. மாணவருக்கு அது நன்மையே. ஆனால் ஆய்விதழ்ச் சந்தா என்பதே வழக்கமாக முன்கூட்டிச் செலுத்துவதுதான். உலகப் பெரும் பதிப்பகத்தின் நிபந்தனைக்கு விதி வழிவிடும். சோதனைக்குழாய் தருபவரின் நிபந்தனைக்கு விடாது என்றால், அந்த விதியில் நடுவுநிலை இல்லை.

பொதுப்பணத்துக்குக் காவல் வேண்டும் என்பது உண்மை. பொருள் வராமலே பணம் போன கதைகள் உண்டு. கருவூலத்திலிருந்து திருடும் நாற்பது வழிகளைக் கௌடில்யரே பட்டியலிட்டார். ஆனால் காவல் என்பது பொருள் வந்ததா என்று பார்ப்பது. வந்த பிறகும் ஆறு மேசைகளில் பைலைத் தூங்கவிடுவது காவல் ஆகாது.

தாமதம் பொய்யையும் வளர்க்கிறது. மார்ச் 31க்குள் செலவாகாத நிதி கைநழுவும் என்ற அச்சத்தில், வராத பொருளை ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திடும் நிலைக்கு நேர்மையான ஆசிரியரும் தள்ளப்படுகிறார். ஊழலைத் தடுக்க எழுதிய விதி நல்லவர் கையாலேயே பொய்ச் சான்று எழுதவைத்தால், தணிக்கை எதைக் காப்பாற்றியது? வாய்மையைக் கற்பிக்க வேண்டிய இடம் பல்கலைக்கழகம். அங்கே பயிலும் மாணவர் பாடநூலில் மட்டுமா அறம் கற்கிறார்? தன் ஆய்வகத்துக்குப் பொருள் தந்தவரைத் தன் நிறுவனம் நடத்தும் விதத்திலும் கற்கிறார்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. கையில் நிதி இல்லாமல் பர்ச்சேஸ் ஆர்டர் கொடுக்காதீர்கள். பணம் தரும் நாளை ஆர்டரிலேயே எழுதுங்கள். அந்த நாள் தவறினால், விற்றவர் கேட்கும் முன்பே வட்டியைச் சேர்த்துக் கொடுங்கள். பைல் யார் மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பதையும் தணிக்கை கேட்கட்டும். கொடுத்த சொல்லைக் காலத்தில் காத்தால், முன்பணம் கேட்கும் நிபந்தனை தானாகவே தளரும். விற்பவரின் நம்பிக்கையை இழந்தவர் வாங்குபவர். அதைத் திரும்பச் சம்பாதிக்கும் கடமையும் அவருடையதே.