எத்தனை மணி நேரம், தம்பி?

இரவு இரண்டு மணி. பனியில் மணல் நனைந்து கிடக்கிறது. படகைத் தள்ளப் போகிறாய். ஐஸ் ஏறிவிட்டது. மண்ணெண்ணெய்க் கேன் இருக்கிறது. வலை சிக்கில்லாமல் மடிந்திருக்கிறது. குடிதண்ணீர், சோற்றுத் தூக்கு எல்லாம் பார்த்தாயிற்று. பாலித்தீன் பையில் சுற்றிய செல்போன் இடுப்பில், ஜிபிஎஸ் ஒரு கையில், வயர்லெஸ் இன்னொரு கையில். நில். ஒரே ஒரு கேள்வி. அந்த மூன்றிலும் இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது?

"இருக்கும்ணே. நேத்துதான் பேட்டரிக் கட்டை மாத்துனேன்."

எங்கள் கரையில் இந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு கொதிக்கிறது. மண்ணெண்ணெயை லிட்டர் கணக்கில் சொல்கிறாய். ஐஸை எத்தனை பார் என்று சொல்கிறாய். வலையின் கண்ணை விரல் கணக்கில் சொல்கிறாய். நடுக்கடலில் உன் உயிரே தொங்குகிற பேட்டரிக்கு மட்டும் "இருக்கும்" என்றொரு பதிலா?

காரணம் எனக்குத் தெரியும். கரண்ட் என்றால் அது படித்தவன் வேலை, கடைக்காரன் வேலை, நமக்கு எதற்கு என்று யாரோ உன் மனதில் எழுதிவைத்துவிட்டார்கள். அந்த எழுத்தை இன்றைக்கே அழி! வாடையா, கச்சானா, கொண்டலா என்று காற்று முகத்தில் பட்ட நொடியில் சொல்பவன் நீ. தூண்டில் ஈயம் தரை தட்டும்போது, கீழே இருப்பது மணலா, சேறா, பாரா என்று விரல் நுனியில் அறிபவன் நீ. கண்ணுக்குத் தெரியாத கடலடியைக் கையால் படிக்கிறவனுக்கு ஒரு பெருக்கல் கணக்கு எம்மாத்திரம்?

போடு கணக்கை. பவர் பேங்க் மேல் 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருக்கிறது. அதாவது 10 ஆம்பியர் மணி. உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் அழுத்தம் 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கு: 37 வாட் மணி. உன் செல்போன் 5,000 எம்ஏஎச் என்றால் அதற்கு ஏறக்குறைய 19 வாட் மணி வேண்டும். 37-ல் 19 இரண்டு தடவை போகும் என்று தோன்றும். போகாது. 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றும்போதும், சூட்டிலும், வயரிலும் கொஞ்சம் கரைந்துவிடும். ஒன்றரைத் தடவை கிடைத்தால் சரி. இதுதான் கணக்கு, இதற்கு மேல் ஒன்றுமில்லை! உன் வீட்டில் பத்தாவது படிக்கிற தங்கச்சி இதைப் பள்ளிக்கூடத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் கேட்பதில் உனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

வயர்லெஸ்ஸுக்கு வா. அட்டைப் பெட்டியில் இத்தனை மணி நேரம் வரும் என்று போட்டிருப்பான். அது எப்படிப் போட்ட கணக்கு தெரியுமா? நூறு நிமிஷத்தில் 90 நிமிஷம் சும்மா காத்திருப்பது, 5 நிமிஷம் கேட்பது, 5 நிமிஷம்தான் பேசுவது. பெரும்பாலும் அப்படித்தான் கணக்கிடுகிறார்கள். பேசும் பட்டனை அழுத்திய கணம், சும்மா இருக்கும்போது எடுக்கும் கரண்ட்டைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். பக்கத்துப் படகுக்காரனிடம் என்ன மீன் பட்டது என்று அரை மணி நேரம் 5 வாட்டில் பேசுகிறாயே, அது நீ ஆபத்தில் கூப்பிடப் போகிற அரை மணி நேரம். பக்கத்துப் படகுக்கு 1 வாட் போதும். 5 வாட்டைச் சேமித்து வை. 16-ஆம் சேனலில் உதவி கேட்க வேண்டிய நேரம் வந்தால், ஆன்டெனாவை நிமிர்த்தி, முடிந்த அளவு உயரத்தில் பிடித்துப் பேசு. வயர்லெஸ் அலை நேர்கோட்டில் போகிறது. உயரம் கூடக்கூடத் தூரம் கூடும்.

செல்போனைத் தின்பது எது? டவர்! கரையை விட்டு விலகியபின் இல்லாத டவரைத் தேடித்தேடியே அது தன்னைத் தீர்த்துக்கொள்கிறது. பிளைட் மோடில் போடு. ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்பது மட்டும்தான். அதற்கு டவரும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள். இத்தனை மணிக்கு ஒருமுறை திறப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் மட்டும் டவரைத் திற.

இப்போது உப்பு. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். என் மாமாவின் ஜிபிஎஸ் ஒரு நாள் நடுக்கடலில் அணைந்துவிட்டது. புதுக் கட்டை போட்டும் வரவில்லை. விடிவெள்ளியைப் பார்த்துக் கரை சேர்ந்தார். பழைய ஆள், தெரியும். மறுநாள் நான் பின்மூடியைக் கழற்றினேன். ஸ்பிரிங்கின் முதல் சுற்றில் பாசி படிந்ததுபோலப் பச்சை. மூடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தது. அந்தத் துகள் விட்ட இடுக்கு வழியாகத்தான் கடல் உள்ளே போயிருக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த துணியால் ஸ்பிரிங்கைத் துடைத்தேன். பிறகு நல்ல தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, நிழலில் ஒரு பகல் முழுக்கக் காயவைத்து, வாசலினை மெல்லிசாகத் தடவினேன். கட்டையைப் போட்டதும் திரை எரிந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. கருவியை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "இதை எனக்கும் காட்டித் தா" என்றார். அறுபது வயதில் அவர் கேட்டார். உனக்கு என்ன வயது?

1800-ல் இத்தாலியில் வோல்ட்டா முதல் பேட்டரியை எப்படிச் செய்தார் தெரியுமா? வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, நடுவில் உப்புத்தண்ணீரில் நனைத்த அட்டை. இப்படி அடுக்கிக்கொண்டே போனார். கரண்ட் பிறந்ததே உப்புத்தண்ணீரில்தான்! இரண்டு வேறு உலோகமும் இடையில் உப்புநீரும் இருந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. உன் ஜிபிஎஸ்ஸுக்குள் புகுந்த ஒரு சொட்டுக் கடலும் அதே வேலையைத்தான் செய்கிறது, உன் ஸ்பிரிங்கைத் தின்றுகொண்டே. வாட்டர்புரூப் என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறாதே. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம், அதுவும் நல்ல தண்ணீரில் சோதித்தது. கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் கழுவு. சார்ஜ் துளை ஈரமாக இருக்கும்போது வயரைச் செருகவே செருகாதே.

கட்டையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் மலிவுக் கட்டை ஜிபிஎஸ்ஸுக்கு ஆகாது. அல்கலைன் வாங்கு. ரீசார்ஜ் கட்டை என்றால் அது 1.5 வோல்ட் கிடையாது, 1.2 வோல்ட். கருவியின் செட்டிங்கில் கட்டையின் வகையை மாற்றாவிட்டால் திரையில் காட்டும் பேட்டரிக் கோடு பொய் சொல்லும். பழசையும் புதுசையும் கலக்காதே, ஒழுகும். உப்பிய பவர் பேங்க்கை மண்ணெண்ணெய்க் கேனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் கையைப் பிடித்து இறக்கு.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். குமரிக் கரையில் இந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் வீட்டுக்குள் ஒரு அமைதி இறங்கும். எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்தவர்களை எட்டவில்லை. டவர் இல்லாத இடத்தில் செய்தி எப்படிப் போகும்? அதற்குப் பிறகு, 2019 அக்டோபரில், ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் 'ஜெமினி' கருவி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து புயல் செய்தி அந்தப் பெட்டிக்கு வரும். பெட்டியிலிருந்து புளூடூத் வழியாக உன் செல்போனுக்கு வரும். விண்வெளியிலிருந்து உன் படகு வரை செய்தியைக் கொண்டுவந்துவிட்டார்கள். கடைசி ஒரு முழத்தில் உன் செல்போன் செத்துக் கிடந்தால்? அந்த ஒரு முழம் உன் பொறுப்பு, தம்பி. எந்த அதிகாரியும் வந்து அதை சார்ஜ் போட்டுத் தர மாட்டார்.

கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சின் உன்னுடையது. படகில் பெரிய பேட்டரி கிடையாது. அதனால் என்ன? திருகுமூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே முழு சார்ஜோடு ஒரு பவர் பேங்க், பிரிக்காத கட்டை ஒரு செட், ஒரு வயர், ஒரு காய்ந்த துணி. டப்பாவைப் படகோடு கயிற்றில் கட்டு, வெயில் படாமல் வை. பாட்டுக் கேட்க அதைத் திறக்காதே. 1554 என்ற கடலோரக் காவல்படை எண்ணை அதன் மூடியில் பெயின்ட்டால் எழுது.

இன்று ராத்திரி தள்ளுவதற்கு முன் உன் ஜிபிஎஸ்ஸின் பின்மூடியைக் கழற்று. ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார். ஸ்பிரிங்கைப் பார். கட்டை போட்ட தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டு. நாளைக்கு நீ கரையேறும்போது நான் அங்கேதான் நிற்பேன். எத்தனை மணி நேரம் மிச்சம் என்று கேட்பேன். எண்ணாகச் சொல்.