பையில் அச்சிட்ட பெயர்

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் ஊரில் இந்தக் காட்சி நடந்துவிடும். மைதானத்தில் ஷாமியானா, வாடகை நாற்காலிகள், ஃபிளெக்ஸ் பேனர். பேனரில் ‘ஏழை மாணவர்களுக்கு’ என்ற சொற்கள் தூரத்திலிருந்தே தெரியும். பட்டியலில் பெயர் உள்ள இருபது பிள்ளைகள் பத்து மணிக்கே வரிசையில் நிற்கிறார்கள். சிறப்பு விருந்தினர் வரப் பதினொன்றரை ஆகிறது. பெயர் வாசித்ததும் ஒரு பிள்ளை மேடை ஏறுகிறது. பையின் ஒரு காதை அவர் பிடித்திருக்க, மறு காதைப் பிள்ளை பிடித்துக்கொள்கிறது. “இங்க பாரு பாப்பா, இன்னும் கொஞ்சம் சிரி” என்கிறார் படம் எடுப்பவர். படம் சரியாக விழவில்லையென்றால் பையைத் திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்க வேண்டும். கீழே உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மதியத்துக்குள் ஷாமியானாவைப் பிரித்துவிடுவார்கள். பை மட்டும் பிள்ளையோடு வீட்டுக்குப் போகும். அதன் முதுகில் கொடுத்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். அந்தப் பிள்ளை ஒரு வருஷம் முழுக்க, காலையும் மாலையும், தெரு வழியே அதைச் சுமந்து நடக்கும். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியும்.

கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. தங்கள் சம்பளத்தில் மிச்சம்பிடித்துக் கொடுத்தவர்கள், விடுமுறை நாளை விட்டுக்கொடுத்து வந்த தன்னார்வலர்கள். அந்தப் பை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை ஜவுளிக்கடைப் பையில் புத்தகத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கும். உதவி உண்மையானது, தேவையும் உண்மையானது. இருந்தும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒரு பிள்ளைக்கு உதவுவதால், அந்தப் பிள்ளையின் வறுமையை ஊருக்குக் காட்டும் உரிமை உதவியவருக்கு வந்துவிடுகிறதா?

கொடுத்தவர் பெயரை எழுதிவைப்பது இங்கே புதிய வழக்கம் அல்ல. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளைக் கொடுத்தவர்களின் பெயர்கள் இன்றும் சுவர்களில் இருக்கின்றன. கோயில் மின்விசிறியில் ‘உபயம்’ என்று எழுதுவது அதே மரபின் தொடர்ச்சி. அதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை, வாங்கிக்கொண்டது விளக்கு. விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அங்கே நடந்த கல்விச்சாலையின் கணக்கைச் சொல்கிறது. இளைய மாணவர் 270 பேர், மூத்தவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர், அவர்களுக்குத் தினம் அளக்க வேண்டிய நெல் எவ்வளவு என்பது வரை. அது வேதம் படிக்கும் உரிமை பெற்ற ஒரு சாராருக்கு மட்டுமேயான சாலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் கணக்கு எழுதிய முறை கவனிக்கத்தக்கது. தானம் எதற்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு என்பதெல்லாம் கல்லில் உண்டு. சாப்பிட்ட மாணவரில் எவன் தகப்பன் இல்லாதவன், எவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது இல்லை. கணக்குக்கு அது தேவைப்படவில்லை.

திருக்குறளிலும் ஒரு வைப்புமுறை யோசிக்க வைக்கிறது. ஈகை அறத்துப்பாலில் 23ஆம் அதிகாரம். இரவும் இரவச்சமும் பொருட்பாலில் 106, 107ஆம் அதிகாரங்கள். கொடுப்பவருக்குச் சொல்ல வேண்டியதையும் கேட்டு நிற்பவரின் நெஞ்சு படும் பாட்டையும் வள்ளுவர் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறார். கொடுப்பதன் பெருமையை மட்டும் படித்தவருக்கு, வாங்குவதன் வலி தானாகத் தெரிந்துவிடாது. அதைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

மேடையில் நடப்பது எல்லாருக்கும் தெரிகிறது. அதற்கு முன்பு வீட்டில் நடப்பதுதான் வெளியே தெரிவதில்லை. படிப்புதவி கேட்டு விண்ணப்பம் வந்தால், உண்மையிலேயே தேவை உள்ள குடும்பமா என்று பார்த்துவர அமைப்புகள் தன்னார்வலர்களை அனுப்புகின்றன. அனுப்பத்தான் வேண்டும், பணம் பொதுப் பணம். இரண்டு இளைஞர்கள், கையில் படிவம். வீட்டில் நாற்காலி இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிவருகிறார்கள். நாற்காலி கொடுத்த வீட்டுக்காரர்களும் வாசலில் வந்து நிற்கிறார்கள். “உட்காருங்க சார்” என்று சொல்லிவிட்டு, அம்மா சின்னவனைக் கடைக்கு அனுப்பிக் கடனில் கலர் வாங்கிவரச் சொல்கிறாள். கேள்விகள் ஆரம்பிக்கின்றன. வீடு சொந்தமா, வாடகையா? கூரை என்ன கூரை? டிவி இருக்கா? அப்பா எங்கே? குடிப்பாரா? எவ்வளவு கடன்? உதவி கேட்ட பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்கிறாள். அவளிடமும் ஒரு கேள்வி வருகிறது: “அப்பாவைப் பத்தி நீ சொல்லும்மா.”

அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். எவ்வளவு அழுதால் படிவம் நிறையும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, சூழ்நிலை சொல்லித்தருகிறது. அப்பாவைப் பற்றி நல்லதாக ஒன்று சொன்னால், ‘தேவை அதிகமில்லை’ என்று எழுதிவிடுவார்களோ என்று பயம். போன மாதம் அவர் வேலைக்கு ஒழுங்காகப் போனதை அவள் சொல்லாமல் விடுகிறாள். பதினேழு வயதில் தன் தகப்பனைப் பற்றிய மிக மோசமான செய்தியைத் தேர்ந்தெடுத்து, பக்கத்து வீட்டார் காதுபட, முன்பின் தெரியாத இருவரிடம் சொல்ல வேண்டியிருப்பது அவள் படிப்புக்குக் கொடுக்கும் விலை. அந்த விலை எந்தக் கட்டண ரசீதிலும் வராது.

விசாரிப்பதே தவறு என்று சொல்ல முடியாது. விசாரிக்காமல் கொடுத்தால், கேட்கத் தெரிந்தவனுக்குப் போகும், கேட்கத் தெரியாதவனுக்குப் போகாது. ஆனால் இதே விவரங்களை வேறு விதமாகவும் பெறலாம். வகுப்பாசிரியருக்குப் பெரும்பாலும் எல்லாம் தெரியும். வருமானத்துக்கு வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழ் இருக்கிறது. வீட்டுக்குப் போயே தீர வேண்டுமானால், அம்மாவிடம் தனியாகப் பேசலாம், பிள்ளையைக் கேட்காமல் விடலாம், அக்கம்பக்கம் கூடினால் படிவத்தை மூடிவைத்துவிட்டுத் தேர்வு எப்படி எழுதினாய் என்று பேச்சை மாற்றலாம். நல்ல தன்னார்வலர்கள் இதைத்தான் செய்கிறார்கள். கூடுதல் செலவு இல்லை, கொஞ்சம் கூடுதல் நேரம்தான்.

படம் எடுப்பதற்கு வருவோம். எதிர்த்தரப்பில் வலுவான நியாயம் இருக்கிறது, அதை மதிக்காமல் தாண்டிப் போகக் கூடாது. முகம் தெரியாத குழந்தைக்கு யாரும் பணம் அனுப்புவதில்லை என்கிறார்கள் நிதி திரட்டுபவர்கள். கண்ணீரோடு ஒரு முகம் போஸ்டரில் இருந்தால் பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட முடியும். முகத்தை மறைத்தால் நான்கு பேருக்குத்தான் முடியும் என்றால், விடுபட்ட ஆறு பேருக்கு என்ன பதில்? கொடுத்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கக் கொடுத்தவருக்கும் உரிமை உண்டு. நிறுவனங்கள் சட்டம் 2013, 135ஆம் பிரிவின்படி, வரம்புக்கு உட்பட்ட பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்துக்கு அவர்களும் கணக்குக் காட்டியாக வேண்டும். அறக்கட்டளைகளின் பெயரில் ஏமாற்றுவோர் இருக்கும் நாட்டில் ஆதாரம் கேட்பது குற்றமில்லை.

ஆனால் ஆதாரம் வேறு, முகம் வேறு. கல்லூரிக்குக் கட்டணம் கட்டிய ரசீது ஆதாரம். தலைமையாசிரியர் கையெழுத்திட்ட பட்டியல் ஆதாரம். தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம். பையைப் பிடித்துச் சிரிக்கும் பிள்ளையின் படம், பை அன்று கைமாறியது என்பதைத் தவிர எதையும் நிரூபிப்பதில்லை. அந்தப் பிள்ளை அடுத்த ஜூனில் பள்ளிக்கு வந்ததா என்று அது சொல்லாது.

‘பத்துப் பேரா, நான்கு பேரா’ என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. பத்துப் பேருக்காக ஒரு பிள்ளையின் முகத்தைச் செலவழிக்கலாமா? அந்தப் பிள்ளையே மனமாரச் சம்மதித்தால் பேச்சில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால், கட்டணம் கட்டப்போகும் கை நீட்டும் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதன் அம்மாவால் முடியுமா? மறுக்க வழியில்லாத இடத்தில் வாங்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்வது நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்வது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. நோட்டுப் புத்தகம் வாங்கும் எல்லாப் பிள்ளைகளும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வர மாட்டார்கள். வராத பிள்ளையின் முகம் மலிவானது என்று ஆகிவிடாது. முகநூலில் ஒருமுறை ஏறிய படம் இறங்குவதில்லை. அந்தப் பெண் பின்னாளில் வேலைக்குப் போகும்போதும், மாப்பிள்ளை வீட்டார் வரும்போதும் அது அங்கேயே இருக்கும்.

பெரியவர்களான பின் சிலர் தாங்களாக மேடை ஏறித் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். அது வேறு. இருபத்தைந்து வயதில், சொந்தச் சம்பளத்தில் நின்றுகொண்டு, எதைச் சொல்வது எதை விடுவது என்று தானே தீர்மானித்துச் சொல்வது அவரவர் உரிமை. அதைக் கேட்டு இன்னொரு பிள்ளைக்கு நம்பிக்கை வரும். அதற்காக வருஷா வருஷம் அதே ஆளை அழைத்து, அப்பா செத்த கதையை அதே இடத்தில் அழுது சொல்லவைப்பது நன்றிக்கடனை வட்டியோடு வசூலிப்பது போன்றது.

யாரையும் தனியாக நிறுத்தாமல் கொடுக்கும் வழி இந்த மண்ணுக்குத் தெரியாததல்ல. 1920இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டபோது, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் என்று கணக்கு வைத்தார்கள். 1950களின் பிற்பகுதியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் கரும்பலகையும் பெஞ்சும் கட்டடமும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டது பள்ளி. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், திட்டம் உள்ள பள்ளியில் முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு போடுகிறது. பதினோராம் வகுப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் சைக்கிளுக்கும் அப்பாவின் வருமானத்தை யாரும் கேட்பதில்லை. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் பந்தியில் யார் பசியோடு வந்தார்கள் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சின்ன அமைப்புகளிடம் எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இல்லைதான். இருபது பைதான் வாங்க முடியும் என்றால், அச்சில்லாத பைகளாக வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடலாம். சாயங்காலம் மணி அடித்த பிறகு, யாருக்குத் தர வேண்டுமோ அந்தப் பிள்ளையை அழைத்து ஆசிரியர் தந்துவிடுவார். பேனரின் செலவில் இன்னும் சில பைகள் வரும்.

தன்னார்வலர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகள் பலவும் படம் பிடிக்கவே முடியாதவை. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் தேர்வில் தேறி உதவித்தொகை பெறும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் வரும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்புக்குக் கட்டணச் சலுகை. இவை எல்லாம் உரிமையாக வருபவை, யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை. ஆனால் வழியில் காகிதங்கள் நிற்கின்றன. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் முன்னால். வங்கிக் கணக்கில் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே பெயராக விழுந்திருக்கிறது. மூன்றும் ஒத்துப்போகாமல் பணம் வராது. ஏன் வரவில்லை என்று சொல்ல வீட்டில் படித்தவர் யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு ஓர் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு தன்னார்வலர். “அக்கா, குடும்ப அட்டை ஒரிஜினல் கொண்டு வந்திருக்கீங்களா?” என்று கேட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குகிறார். சர்வர் வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் தன்னார்வலர் மகளிடம் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. எந்தக் கல்லூரி, எந்தப் பஸ், முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டரைக்கு ஒப்புகைச்சீட்டு வருகிறது. பெண் அதை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொள்கிறாள். “வரேன்கா” என்று சொல்லிவிட்டு அம்மாவோடு நடக்கிறாள். தன்னார்வலர் அடுத்த டோக்கன்காரரின் பெயர் ஆதாரில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தொடங்குகிறார்.