மேவிபோசேத்தின் மகன்

தியானத்திற்கு: 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரம்



மேவிபோசேத்தைப் பற்றி அநேக பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு கால்களும் முடமானவன். லோதேபாரில் இருந்தவனைத் தாவீது வரவழைத்து ராஜபந்தியில் உட்கார வைத்தான். இத்தோடு முடித்துவிடுவோம். ஆனால் 12-ஆம் வசனத்தில் ஒரு சின்னப் பையன் இருக்கிறானே, கவனித்தீர்களா? மீகா. மேவிபோசேத்தின் மகன்.

நானும் ஒரு மீகாதான். என் தகப்பனாருக்கு இரண்டு வயதில் போலியோ. திருநெல்வேலிப் பக்கம் சின்ன வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூலுக்குக் கொண்டுபோவார். ஆறாம் வகுப்பில் பையன்கள் "நொண்டி மகன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "அப்பா, இங்கேயே நிறுத்துங்க, நடந்து போயிக்கிறேன்" என்று தெருமுனையில் இறங்கிவிட்டேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் நான் சொல்லாமலே அந்த முனையில் நிறுத்தினார்.

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து வந்த புதிது. மூன்று நாள் உபவாசமிருந்து, சபையார் நாலைந்து பேரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அப்பாவின் காலிப்பரைக் கழற்றிப் போட்டு, "விசுவாசத்தோடு எழும்புங்கப்பா!" என்று சத்தமிட்டுக் கைகளைப் பிடித்துத் தூக்கினேன். விழுந்துவிட்டார். உதடு கிழிந்து ரத்தம். "பிரதருக்கு விசுவாசம் குறைச்சல்" என்றார் வந்தவர்களில் ஒருவர். நான் மறுத்துப் பேசவில்லை. இதை எழுத இன்றும் கை கூசுகிறது.

எல்லாரும் போனபின் அப்பா கேட்டார்: "எய்யா, கர்த்தர் எழும்பச் சொன்னா நான் மாட்டேன்னா சொல்லுவேன்? நீ எனக்காக ஜெபிச்சியா, உனக்காக ஜெபிச்சியா? சரி, அந்தக் காலிப்பரை எடு. கடை திறக்கணும்."

அன்று ராத்திரி தூக்கம் வராமல் இந்த அதிகாரத்தை எடுத்தேன். கடைசி வசனத்தில் நின்றுவிட்டேன். அவன் நித்தமும் ராஜபந்தியில் சாப்பிட்டான் என்பதும், அவன் கால்கள் முடமாகவே இருந்தன என்பதும் ஒரே வசனத்தில்! ஆவியானவர் அதை மறைக்கவில்லை. தாவீதும் அவன் எழுந்து நடக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

தேவன் சுகமாக்குகிறவர். நான் இன்றும் வியாதியஸ்தருக்காக ஜெபிக்கிறேன், நாளையும் ஜெபிப்பேன். ஆனால் யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷருக்கு ஆண்டவர் சொன்ன பதிலை யோவான் 9-ல் வாசித்த பிறகு, சுகமாகாத ஒரு தகப்பனைப் பார்த்து விசுவாசமில்லாதவர் என்று சொல்ல என் வாய் வரவில்லை. 2014-ல் நம் தேசத்தில் போலியோ ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தபோது, அப்பா பேப்பரை இரண்டு தரம் வாசித்து, "ஸ்தோத்திரம், இனி ஒரு பிள்ளைக்கும் வேண்டாம்" என்றார். விசுவாசமில்லாதவர் பேசுகிற பேச்சா இது?

மீகா என்ன ஆனான்? 1 நாளாகமம் 8-ஐ வாசியுங்கள். பேர் அட்டவணை என்று தாண்டிவிடுகிறோம். அவன் சந்ததியில் வில்வீரர் எழும்பினார்கள். ஊலாமின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மட்டும் 150 பேர்!

எங்கள் ஆலயத்துக்கு ஐந்து படி. வருஷக்கணக்காக அப்பாவை இரண்டு பேர் தூக்கி வருவோம். அதை ஊழியமென்றே நினைத்தோம். தூக்கப்படுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று நான் உட்பட யாரும் கேட்கவில்லை. போன வருஷம் சாய்தளம் கட்டினோம். முதல் ஞாயிறு, எழுபது வயது தாண்டிய அப்பா யார் கையும் படாமல் வண்டியை ஓட்டி வாசல் வரை ஏறி வந்தார். பின்னால் என் மகன். எல்லாரும் பார்க்க, தாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இறங்கவே மாட்டேனென்று உட்கார்ந்திருந்தான்.