எந்த மேசையில் எதைச் சொல்வது?

ஒரு மேசையில், பிள்ளைக்கு என்ன வராது என்று கேட்பார்கள். இன்னொரு மேசையில், என்ன வரும் என்று கேட்பார்கள். படிப்பில் தடுமாறும் பிள்ளையைப் பெற்றவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்துகொண்டிருக்கிறோம்.

மருத்துவக் குழுவின் முன்னால் குறைகளை அடுக்க வேண்டும். கொம்பையும் காலையும் இடம் மாற்றி எழுதுகிறான், கரும்பலகையைப் பார்த்து எழுதினால் பாதி வரி விட்டுப்போகிறது, சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிறது என்கிறான். கொஞ்சம் பெருமையாகப் பேசிவிட்டால் சான்றிதழில் குறைபாட்டின் சதவீதம் குறைந்துவிடுமோ என்ற பயம். அதே நாக்கு பள்ளியில் சேர்க்கை கேட்கும்போது புரளும்: "படு சுட்டி சார், ஒரு தடவை கேட்ட கதையை அப்படியே சொல்லுவான், யாருக்கும் தொந்தரவு தரமாட்டான்." இரண்டும் உண்மைதான். இரண்டு இடத்திலும் என் மகன் பக்கத்திலேயே நிற்கிறான் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெரிய காரியம். ஏழாக இருந்த வகைகள் இருபத்தொன்றாயின. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் பட்டியலுக்குள் வந்தன. ஆனால் பல சலுகைகளின் வாசலில் 40 சதவீதம் என்ற கோடு இருக்கிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகுதான்; பதினான்கில் மறுபடி, பதினெட்டில் மறுபடி. எட்டு வயதுப் பிள்ளை நாம் பேசும்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பதினான்கு வயதுப் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும்.

நீதிமன்றம் இந்தக் கோட்டைத் தாண்டி யோசித்திருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர், குடிமைப்பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று வழக்குப் போட்டார். அந்த உதவிக்கு 40 சதவீதம் கட்டாயமில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எவ்வளவு குறை என்று அளப்பதை விட்டு, என்ன உதவி தேவை என்று கேட்ட தீர்ப்பு அது. அதே ஆண்டு வேறொரு வழக்கில், தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தையும் நீதிமன்றம் பேசியது. எங்கள் பக்கத்தில் ஒரே சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் பைக்குக்கே இரக்கப்பட வேண்டும்.

வட்டார வள மையத்தில், மகளை இயன்முறைப் பயிற்சிக்கு அழைத்துவரும் ஒரு தாயிடம், மகன் காதுபடவே அவன் குறைகளை அடுக்க வேண்டியிருக்கிறதே என்று சொன்னேன். அவருக்கு இது பழைய சங்கதி. "வராததை எல்லாம் டீச்சர்கிட்ட சொல்லி ஒரு தாள்ல எழுதி வாங்கிருவேன் அண்ணே. டாக்டர்கிட்ட அதை நீட்டிட வேண்டியதுதான். வாயால சொன்னாத்தானே அவ காதுல விழும்?" எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். எத்தனையோ படித்த எனக்கு இது தோன்றவில்லையே என்றிருந்தது.

அடுத்த மருத்துவ முகாமுக்கு நானும் தாளோடு போனேன். மருத்துவர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். நேராக என் மகனிடம், "உனக்கு எதுப்பா கஷ்டமா இருக்கு?" என்றார். அவன் யோசிக்கவே இல்லை. "மிஸ் போர்டைச் சீக்கிரம் அழிச்சிடறாங்க."

இத்தனை காலம் நான் ஒப்பித்த எதிலும் இது இல்லை. அவனைப் பொறுத்தவரை பிரச்சினை அவனுக்குள் இல்லை, டஸ்டரில் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, மொழிப்பாட விலக்கு உண்டு. அவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும், அதனால் குழுவின் முன்னால் இன்னும் போய் நிற்கத்தான் போகிறேன். ஆனால் கரும்பலகையை ஐந்து நிமிடம் அழிக்காமல் வைக்க எந்தச் சதவீதமும் தேவையில்லை. வகுப்பாசிரியையிடம் இதை நான் சொல்வதாக இருந்தேன். "நானே கேக்கறேன், நீங்க வந்தா நெறைய பேசுவீங்க" என்று தடுத்துவிட்டான்.